பதின்வயதுப் பிள்ளைகளிடம் நேர்மையும் மரியாதையும் வளர என்ன செய்யலாம்? ஒரு முழு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு இளைஞர் கூட்டத்தில் நேர்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், கைதட்டல்கூடக் கிடைத்தது. முடிந்தபின் வருகைத் தாளை எடுத்து எண்ணினால் கையெழுத்து 31, அறையில் இருந்த தலைகள் 24. வராத ஏழு பேருக்கும் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதிலும் மூன்று பெயர்கள் ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில். நான் மேடையில் நேர்மை நேர்மை என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது.

கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம். அடுத்த வாரம் யாரையும் திட்டாமல், ஏன் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் சாதாரணமாகச் சொன்னான்: "அக்கா, அது பொய் இல்லக்கா. அவன் வரலேன்னு தெரிஞ்சா வீட்ல திட்டுவாங்க. ஃப்ரெண்டுக்கு இதுகூட செய்யலேன்னா எப்படி?" அவன் சமாளிக்கவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். நேர்மை நல்லது என்பது அவனுக்குத் தெரியும், பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவான். ஆனால் நட்பு ஒரு பக்கமும் நேர்மை ஒரு பக்கமும் இழுக்கிற அந்த ஐந்து நொடியில் என்ன செய்வது என்று யாரும் அவனுக்குப் பழக்கிவிட்டதில்லை. நானும்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். பொய் சொல்லவும் காப்பியடிக்கவும் திருடவும் வாய்ப்பு இருப்பதுபோல் நிலைமைகளை உண்டாக்கி, என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். எது சரி, எது தப்பு என்று நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பெரிதாக நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. ஆக, தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. நாம் நடத்தும் நீதிபோதனை வகுப்புகளில் முக்கால்வாசி, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கீழே இருப்பது அதற்குப் பிறகு நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறை. 12 முதல் 20 வயது வரை, ஒரு குழுவில் 15 முதல் 25 பேர், வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், தன்னார்வலர், விளையாட்டுப் பயிற்சியாளர் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெற்றோர் வீட்டில் செய்வதற்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: ஒரு பிரச்சினையை மட்டும் எடுங்கள், அதையும் அவர்களிடமே கேட்டு எடுங்கள்

போதை, வன்முறை, சாதி மதச் சண்டை, பெண்களைச் சீண்டுவது, பொய்ச் செய்தி, சூதாட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி இளைஞர்கள் தலையில் இறக்கினால், அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது இன்னொரு பெரியவர் இன்னொரு முறை 'இந்தக் காலத்துப் பசங்க' என்று ஆரம்பிப்பதுதான்.

முதல் வாரம் பேசவே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டுக் காகிதமும் ஒரே நிறப் பேனாவும் கொடுங்கள் (கையெழுத்தோ மையோ ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு நிறையவே உண்டு). கேள்வி இது: "போன ஒரு மாதத்தில் உங்கள் கண்ணெதிரே நடந்து, 'இது சரியில்லையே' என்று மனதுக்குள் பட்ட ஒரு விஷயம்." நீ என்ன தப்பு செய்தாய் என்று கேட்கக் கூடாது, என்ன பார்த்தாய் என்றுதான் கேட்க வேண்டும். காகிதத்தை நான்காக மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போய்த் தனியாகப் படியுங்கள். செய்தித்தாளில் வரும் பெரிய விஷயங்கள் அதில் அவ்வளவாக வராது. ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லியே அழவைத்தார்கள், யாரோ ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டிச் சுற்றுக்கு விட்டார்கள், திக்கிப் பேசுகிறவனைப் பேசவைத்து வீடியோ எடுத்தார்கள், இப்படித்தான் வரும். நான்கைந்து துண்டுகளில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்கள் பாடம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யாராவது தன்னை ஒருவர் தவறாகத் தொடுவதாகவோ, அடிப்பதாகவோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றோ எழுதியிருந்தால் அது வகுப்பில் பேசும் சமாச்சாரம் கிடையாது. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அன்றைக்கே போக வேண்டும். அதனால் 'என்ன எழுதினாலும் ரகசியமாக வைப்பேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 'உங்களில் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி தேடுவேன்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: பண்பை ஒரு செயலாக உடையுங்கள்

'மரியாதை' என்பது ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நாளைக் காலையில் என்ன செய்யும்? எனவே உடையுங்கள். மரியாதை என்றால் 'ஒருத்தர் படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.' பொறுப்பு என்றால் 'நான் உடைத்ததை யாரும் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்வேன்.' உண்மை என்றால் 'ஒரு செய்தியைப் பரப்புவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் தேடிப் பார்ப்பேன்.' இரக்கம் என்றால் 'தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் போய் ஒரு வார்த்தை பேசுவேன்.'

சரியாக உடைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒலி இல்லாத கண்காணிப்பு கேமராவில் அந்தச் செயல் பதிவானால், பார்க்கிறவருக்கு அது நடந்ததா இல்லையா என்று தெரியுமா? ஓரளவாவது தெரியும் என்றால் சரி. 'எல்லோரையும் நேசிப்பேன்' என்பது கேமராவில் தெரியாது, தள்ளிவிடுங்கள். ஒரு செயல், மூன்று வாரம். அது ஓரளவு ஒட்டிய பிறகுதான் அடுத்தது.

கீழ்ப்படிதலைப் பண்பு என்று சொல்லிக் கற்றுத்தரும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு பேசாமல் செய்கிற பிள்ளை நமக்கு வசதிதான். ஆனால் கேள்வி கேட்காமல் நமக்குத் தலையாட்டப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கும்பலின் தலைவன் சொன்னாலும் அதே மாதிரிதான் தலையாட்டும். ஏன் என்று கேட்கும் பிள்ளையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பயமுறுத்தலையும் பரிசையும் ஓரமாக வையுங்கள்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ராவே சிறைக்கு 1970களில் வழிதவறும் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். ஆயுள் கைதிகள் அவர்கள் முகத்துக்கு நேரே நின்று கத்தி, சிறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்லி அலறவைப்பார்கள். 1978இல் அதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்து பெரிய பேர் வாங்கியது, பல இடங்களில் அதே மாதிரி ஆரம்பித்தார்கள். பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டினால், அப்படிப் போய்வந்த பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிட அதிகமாகவே குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். நல்லது செய்கிறோம் என்று கெடுதல் செய்திருக்கிறார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டமும் அப்படித்தான், சீருடையில் போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். எல்லாருக்கும் பிடித்திருந்தது, நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அதன் பழைய பாடத்திட்டத்தால் போதைப் பழக்கம் சொல்லும்படியாகக் குறையவில்லை என்று ஆய்வு மேல் ஆய்வாக வந்தபின் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

பரிசும் ஏறக்குறைய அதே கதை. 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு பாலர் பள்ளியில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வரைவதை ஆசையாகச் செய்த குழந்தைகளில் சிலருக்கு 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பரிசு கொடுத்தார்கள். பரிசு நின்ற பிறகு அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தன. உதவி செய்தால் மதிப்பெண், உண்மை சொன்னால் பேட்ஜ் என்று ஆரம்பித்தால் அந்தப் பேட்ஜுக்காகவே பொய் சொல்லும் நிலைமை வரும். எனக்கு வந்தது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

படி 4: சிக்கலான நிலைமையைக் கொடுத்து வாதாட விடுங்கள்

இந்த முறையின் உயிர் இதுதான் என்பேன். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1950களின் இறுதியில் பையன்களிடம் இக்கட்டான சிறுகதைகளைச் சொல்லி 'அதில் வருபவர் என்ன செய்ய வேண்டும், ஏன்?' என்று கேட்டார். செய்யலாம், கூடாது என்ற பதிலை அவர் பெரிதாக எடுக்கவில்லை, ஏன் என்பதற்கு வந்த காரணங்களைத்தான் கவனித்தார். 'அடி விழும்' என்பது ஒரு படி, 'எல்லாரும் என்ன நினைப்பாங்க' என்பது இன்னொரு படி, 'அவருக்கும் உரிமை இருக்கே' என்பது அதற்கும் மேலே. அவருடைய படிநிலைகள் எல்லாப் பண்பாட்டுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்துமா என்று பின்னால் நிறையச் சண்டை நடந்தது. அது கிடக்கட்டும். தன்னைவிட ஒரு படி மேலே யோசிக்கும் சக பிள்ளையோடு வாதாடும்போது யோசனை வளர்கிறது என்ற பகுதி நடைமுறையில் உதவுகிறது. அதனால் குழுவில் வயது கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது.

நிலைமையை நீங்களே எழுதுங்கள். ஏழெட்டு வரி போதும். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். பதில் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டால் அது நீதிக்கதை, வேலைக்கு ஆகாது. நான் எழுதியதில் அதிகம் உதவியது இது:

*உங்கள் நெருங்கிய நண்பன் 12 பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில், உங்களோடு படிக்கும் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் போடுகிறான். போன வருடம் நீங்கள் ஒரு பெரிய சிக்கலில் மாட்டியபோது உங்களுக்காக நின்றவன் அவன் ஒருவன்தான். குழுவை விட்டு வெளியேறினால் நீங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணிடம் சொன்னால் உடைந்துபோவாள். பெரியவர்களிடம் சொன்னால் நண்பன் மாட்டுவான். மூன்று பேர் ஏற்கெனவே சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?*

நடத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் இரண்டு நிமிடம் ஒவ்வொருவரும் தன் பதிலைத் தனியாக எழுதட்டும், இதைத் தவிர்த்தால் சத்தமாகப் பேசுகிற இரண்டு பேரின் கருத்தே எல்லாருடைய கருத்தாகிவிடும். பிறகு அறையின் நான்கு மூலைகளுக்கு நான்கு பதில் என்று வைத்து எழுந்து போய் நிற்கச் சொல்லுங்கள். நின்றபின் மூலைக்கு மூலை வாதாடட்டும், மனம் மாறினால் மூலையும் மாறலாம். நீங்கள் பதினைந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. இது கேட்க எளிது, செய்வது கொடுமை. நான் முதல் சில வாரங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் விவரத்தை மாற்றுங்கள். 'படம் போட்டவன் உனக்குப் பிடிக்காதவனாக இருந்தால்?' என்று கேட்டால் பாதிப் பேர் உடனே மூலை மாறுவார்கள், மாறியதும் அவர்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் 'அவள் உன் தங்கையாக இருந்தால்?' என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விதான் அது, ஆனால் தங்கையாக இல்லாத பெண்ணைப் பற்றி அது என்ன சொல்லித்தருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலைமையை ஒரு குழுவில் நடத்தியபோது இருபது நிமிடம் நட்பு, துரோகம், மாட்டிவிடுவது என்று ஒரே சத்தம். அதுவரை இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒரு பெண், மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் அவன் ஃப்ரெண்ட்ஷிப் பத்தியே பேசுறீங்க. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா, என்ன பண்றா, யாருமே கேக்கல." அறை அப்படியே அடங்கிப்போனது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. நான் அதைச் சொல்லியிருந்தால் அறிவுரை. அவள் சொன்னதும் மூன்று பேர் மூலை மாறினார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மட்டும் நீங்கள் பேசுங்கள், அதைத் தவிர்க்கவும் கூடாது. 'எல்லாக் கருத்தும் சரிதான்' என்று முடித்தால் அது கைகழுவல். எந்த இடத்தில் கோடு இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள்: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அந்தரங்கப் படத்தை அனுப்புவது மட்டுமில்லை, வைத்திருப்பதுகூடப் பல நாடுகளில் குற்றம். இதை நண்பனுக்குச் சொல்லி நிறுத்துவதே நண்பனுக்குச் செய்யும் உதவி. எது கருத்து வேறுபாடு, எது எல்லை மீறல் என்று பிரித்துக்காட்ட ஒரு பெரியவர் வேண்டும், அந்த இடத்துக்குத்தான் நீங்கள்.

படி 5: வாயால் சொல்லிப் பழக்குங்கள்

என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்த பிள்ளையும் சமயத்தில் ஊமையாகிவிடும். காரணம் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1968இல் லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு அறைக்குள் புகை வரவிட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்தபோது 10 சதவீதம் பேர்தான் போனார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். பதின்வயதில் பக்கத்தில் இருப்பவரின் பாரம் இன்னும் அதிகம்: 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் இருவரும் கார் ஓட்டும் வீடியோ விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்ததில், தனியாக ஆடும்போதைவிட நண்பர்கள் கூட இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது, 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

ஆகவே வாக்கியங்களைத் தயாராக வையுங்கள். நீளமாக இருந்தால் வாயில் வராது. அவர்களையே எழுதச் சொன்னபோது வந்தவை: "டேய், போதும் விடு." "இத அழிச்சிடு." "எனக்கு இது வேணாம்." "வா, நாம போலாம்." நான் எழுதி வைத்திருந்த 'நண்பா, இது தவறு' என்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள், நியாயம்தான்.

இருவர் இருவராக நின்று பழகட்டும். ஒருவர் வற்புறுத்த வேண்டும், இன்னொருவர் மறுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு முறை, அடுத்த சுற்றில் மூன்று முறை விடாமல் வற்புறுத்த வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் ஒரே 'வேண்டாம்' போதுவதில்லை. பிறகு நான்கைந்து பேராக: கிண்டல் செய்பவர், கிண்டலுக்கு ஆளாகிறவர், சிரிப்பவர் இருவர், சும்மா பார்ப்பவர். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போன 'கிவா' என்ற திட்டம், அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் மட்டும் பார்க்காமல், சுற்றி நிற்கும் கூட்டத்தை மாற்றுவதில் கவனம் வைத்தது. சிரிப்பு நின்றால் கிண்டலுக்குப் பாதி உயிர் போய்விடும்.

நிஜத்தில் கிண்டலுக்கு ஆளாகும் பிள்ளையை அந்த வேடத்தில் போடாதீர்கள். இன்னொன்று, எல்லாரிடமும் 'குறுக்கே போய் நில்' என்று எதிர்பார்க்க முடியாது, சில இடங்களில் அது ஆபத்து. மூன்று அளவு சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் நிறுத்து. முடியாவிட்டால் பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போ. அதுவும் முடியாவிட்டால் அப்புறமாவது போய் 'நான் பார்த்தேன், அது சரியில்லை' என்று அவரிடம் சொல், நம்பகமான பெரியவரிடமும் சொல். மூன்றாவதும் சாதாரண விஷயம் இல்லை. யாருமே பார்க்காத மாதிரி இருந்ததுதான் அடியைவிட வலித்தது என்று ஒரு பையன் எழுதிய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

படி 6: நிஜமான பொறுப்பு கொடுங்கள்

சாவி, கணக்கு நோட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது, கூட்டத்தை நடத்துவது. தப்பானால் உண்மையிலேயே யாருக்காவது சிரமம் வரும் வேலையாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது பொறுப்பு. வருடத்துக்கு ஒரு நாள் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கிப் பதாகையோடு படம் எடுத்துக்கொள்வதில் பெரிதாக எதுவும் ஒட்டாது. ஒரே முதியவரை ஆறு மாதம் வாராவாரம் போய்ப் பார்த்தால் ஒட்டும். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தபின் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்: என்ன பார்த்தோம், எது சங்கடமாக இருந்தது, நாம் போனது அவருக்கு நிஜமாகவே உதவியா, இல்லை நமக்கா?

படி 7: தப்பு நடந்தால் அதுதான் நல்ல பாட நேரம்

பொறுப்பு கொடுத்தால் ஒரு நாள் கணக்கு உதைக்கும். எங்களுக்கும் உதைத்தது. பொதுப் பணப் பெட்டியில் குறைவு, சாவி இரண்டு பேரிடம், யார் என்று கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் நடுவில் நிற்கவைத்துக் கேட்டிருந்தால் அவன் மறுத்திருப்பான், அப்புறம் வரவே மாட்டான்.

இதற்கு ஒரு வழி காட்டிய பழைய சம்பவம் உண்டு. 1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மிரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் கார் டயரைக் கிழித்து, ஜன்னலை உடைத்து நாசம் செய்தார்கள். அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி நீதிபதியிடம் வழக்கத்துக்கு மாறாக ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்க்கட்டும். நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டு, சில மாதங்களில் ஈடுகட்டினார்கள். தவறிழைத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் முகத்துக்கு முகம் உட்காரவைக்கும் முறைகள் பல நாடுகளுக்குப் பரவியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். முதலில் இரு தரப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள், சூடு ஆறட்டும். பிறகு, பாதிக்கப்பட்டவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டும், இருவரையும் உட்காரவைத்து இந்த வரிசையில் கேளுங்கள்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? இதனால் யார் யாருக்கு என்ன ஆயிற்று? சரிசெய்ய என்ன செய்யப் போகிறாய், எந்தத் தேதிக்குள்? 'ஏன் செய்தாய்?' என்பதைக் கேட்காதீர்கள், அதற்குச் சாக்குதான் பதிலாக வரும். வெறும் 'சாரி'யோடு முடிக்கவும் விடாதீர்கள். எங்கள் பையன் நான்கு வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டினான். அவனிடமே மீண்டும் சாவியைக் கொடுப்பதா என்று குழு ஒரு முழு மணி நேரம் வாதாடியது, இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் கொடுத்தார்கள்.

பாலியல் அத்துமீறல், கடுமையான வன்முறை இவற்றுக்கு இந்த உட்கார்ந்து பேசும் வேலை வேண்டாம். அவை சட்டத்துக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் உரியவை, 'சமரசம்' என்ற பெயரில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாயை அடைத்துவிடுவோம்.

படி 8: உங்களையும் கணக்கில் சேருங்கள்

1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா ஸ்டான்ஃபோர்டில் 72 சின்னக் குழந்தைகளோடு செய்த பொம்மை ஆய்வு பலரும் கேள்விப்பட்டதுதான். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், பின்னால் அதே மாதிரி, சிலர் அதே வார்த்தைகளைச் சொல்லியே அடித்தார்கள். அந்தப் பெரியவர் அடி என்று யாருக்கும் சொல்லித்தரவில்லை.

போன் அடித்ததும் "நான் வீட்ல இல்லேன்னு சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோமா இல்லையா? வண்டியில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறோமா? அப்படியானால் பாடம் எடுத்தாயிற்று. முழுக்கத் தூய்மையானவராக மாறிவிட்டுத்தான் கற்றுத்தர வேண்டும் என்றால் யாரும் மிஞ்ச மாட்டோம். தவறினால் அவர்கள் எதிரிலேயே ஒப்புக்கொள்வது நம்மால் முடிகிற காரியம். நான் ஒரு முறை அரை மணி தாமதமாகப் போய், போக்குவரத்து நெரிசல் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் தூங்கிவிட்டேன். அடுத்த வாரம் அதைச் சொன்னபோது கிடைத்த பார்வை, என் எந்தப் பேச்சுக்கும் கிடைத்ததில்லை.

படி 9: சூழலைத் தொடாமல் பண்பை மட்டும் தொட்டால் போதாது

1998இல் ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். அறிவுரையால் வந்ததில்லை இது. ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே கேட்டுக் கணக்கெடுத்தார்கள். விளையாட்டு, இசை, நடனம் என்று மாலை நேரத்துக்குப் பணம் ஒதுக்கி, வசதியில்லாத பிள்ளைகளும் சேர வழி செய்தார்கள். 13 முதல் 16 வயது வரை இரவு குறிப்பிட்ட மணிக்கு மேல் வெளியே தனியாகத் திரியக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெற்றோர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பது உட்பட.

இதிலிருந்து உங்கள் அளவில் இரண்டை எடுக்கலாம். ஒன்று, சும்மா திரியும் மாலை நேரத்துக்கு ஏதாவது ஒரு நல்ல வேலை. இரண்டாவது, பெற்றோர் பத்துப் பேராவது ஒன்றுகூடி, இரவு எத்தனை மணிக்கு வீடு, எத்தனை மணிக்கு போன் அணைப்பு என்று ஒரே விதியை வைத்துக்கொள்வது. 'அவங்க வீட்ல விடுறாங்களே' என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

வேலையில்லாமை, வறுமை, பாகுபாடு, கையெட்டும் தூரத்தில் விற்கும் போதைப்பொருள் இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, 'இளைஞர்களுக்கு ஒழுக்கம் இல்லை' என்று மட்டும் சொல்வது அநியாயம். அவசரம்கூட நல்லவர்களைக் கெடுக்கிறது. 1973இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். நேரம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். காலையிலிருந்து இரவு வரை டியூஷன், தேர்வு, மதிப்பெண் என்று ஓடவிட்டு, போகிற வழியில் இரக்கம் காட்டவில்லையே என்று கேட்டால் எப்படி?

படி 10: எண்ணிப் பாருங்கள்

'இந்த வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா?' என்று கேட்டால் ஆம் என்றுதான் எழுதுவார்கள், பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். அதற்குப் பதில் செயல்களை எண்ணுங்கள். முதல் வாரம் கேட்ட அதே கேள்வியை, அதே துண்டுக் காகிதத்தில், மூன்றாம் மாத முடிவில் கேளுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை எத்தனை துண்டுகளில் வருகிறது? கூடவே இன்னொரு கேள்வி: அப்போது யாராவது ஏதாவது செய்தார்களா? ஆரம்பத்தில் எண்ணிக்கை கூடினால் பதறாதீர்கள், முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது என்றும் அர்த்தம். இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' கூடுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தப் பச்சை மைக் குழுவில் மூன்று மாதம் முடிந்த அன்றும் வருகைத் தாளைச் சுற்றுக்கு விட்டேன், வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கையெழுத்து 26, தலைகள் 24. இரண்டு பேர் யார் என்று கேட்கவில்லை. அடுத்த குழுவுக்கான முதல் நிலைமையை அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன், ஒரு வருகைத் தாளும் வராத ஒரு நண்பனும் அதில் உண்டு.